டெய்லர் முதல் பார்னார்ட் வரை: செவ்வாய்ப்பேட்டை மாடியில் கேட்ட கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நண்பர் ஒருவரின் வெள்ளிப் பட்டறை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படிக்கிறவர்கள், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் காபி எஸ்டேட் மேஸ்திரி, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் என்று கலவையான கூட்டம். நிர்வாகவியலின் பழைய ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பேசுவோம். நான் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தியவன். அதற்கு முன் அப்பாவின் பட்டறையில் கணக்கு எழுதியவன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்களை இப்போது எதற்குப் படிக்க வேண்டும்?

அவர்களில் பெரும்பாலோர் தத்துவம் எழுத உட்கார்ந்தவர்கள் இல்லை. டெய்லர் இரும்பாலையில் நின்றவர். ஃபயோல் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். பார்னார்ட் தொலைபேசிக் கம்பெனியின் தலைவர். கண்ணெதிரே இருந்த தொல்லைக்கு ஆளுக்கொரு மருந்து தேடினார்கள். எந்த நோய்க்கு எழுதிய சீட்டு என்று தெரிந்தால்தான் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க முடியும். பாடப்புத்தகம் நோயை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் அச்சடிக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்துபோவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டெய்லர் என்றால் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஆளை விரட்டியவர்தானே?

பாதி சரி. 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டி ஒவ்வொன்றும் 92 பவுண்டு, கிட்டத்தட்ட 42 கிலோ. ஓர் ஆள் நாளைக்குச் சராசரியாக 12½ டன் ஏற்றினார். டெய்லரின் ஆட்கள் கணக்குப் போட்டு, 47½ டன் ஏற்றலாம் என்றார்கள். 'ஷ்மிட்' என்று டெய்லர் புனைபெயர் கொடுத்த ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாள் கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக்கினார்கள். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று சொன்னார். ஷ்மிட்டும் ஏற்றிக் காட்டினார். 1911இல் வந்த புத்தகத்தில் டெய்லர் சொல்லும் கதை இது.

இதில் வகுப்பறையில் யாரும் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. 42 கிலோ கட்டி தூக்குகிறவர் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி 57 சதவீதம் கையில் சுமை இருக்கக் கூடாது என்பதும் டெய்லர் சொன்னதுதான். ஓய்வையும் வேலையோடு சேர்த்து அளந்தவர் அவர். நம் ஊரில் "சயின்டிஃபிக்கா நடத்தறோமுங்க" என்று சொல்லும் எவரும் அந்த 57ஐக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. வேலை நாலு மடங்கை நெருங்கியது, கூலி அறுபது சதவீதம்தான் கூடியது. அந்த மனிதரை மாட்டோடு ஒப்பிட்டு வேறு எழுதினார். 1974இல் ரெஜ், பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, டெய்லர் சொன்ன கதைக்கும் ஆலையில் நடந்ததற்கும் நிறையத் தூரம் என்று காட்டினார்கள். ஆகவே ஷ்மிட் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேலையை அளந்து பார்க்கலாம் என்ற யோசனைக்கு அதனால் பழுது ஒன்றும் இல்லை.

பழம் பறிக்கக் கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் பச்சைக்காயும் சேர்ந்து வருகிறதே? (ஏற்காட்டு மேஸ்திரி)

"செவந்த பழத்தை மட்டும் பறின்னா கேக்க மாட்டேங்கறாங்க சார். கையில சிக்கினதெல்லாம் உருவிப் போட்டுடறாங்க" என்று அவர் சொன்ன அன்று வேறு எதுவும் பேச முடியவில்லை. கொப்பு ஒடிந்தால் அடுத்த வருடக் காய்ப்பும் போச்சு.

டெய்லரே இதை யோசித்திருக்கிறார். சைக்கிள் பேரிங்குக்கான சின்ன எஃகுக் குண்டுகளைச் சோதிக்கும் பெண்கள் 10½ மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதை 8½ மணியாகக் குறைத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வைத்தபோது, முதலில் அவர் கட்டிப்போட்டது தரத்தைத்தான். நல்லது எத்தனை, கெட்டது எத்தனை என்று முன்கூட்டியே எண்ணி வைத்த குவியல்களை அவர்களுக்குத் தெரியாமல் இடையில் கலந்துவிட்டுச் சோதித்தார். தரம் கையை விட்டுப் போகாது என்று உறுதியான பிறகுதான் வேகத்துக்குக் காசு.

1975இல் ஸ்டீவன் கெர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் தொல்லைக்கென்றே எழுதியது போலிருக்கும். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுப்பது மடமை என்பது அதன் சாரம். கிலோவுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் பழுத்த பழம் வரவில்லையே என்று வருத்தப்படுவது அதுதான். பழத்தைக் கொட்டித் தரம் பிரித்து, அப்புறம் எடை போடலாம் என்று மேஸ்திரியே வழி சொன்னார். பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும், மலையில் சீக்கிரம் இருட்டிவிடும், அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? பேச்சு அங்கேயே நின்றது. அடுத்த பறிப்புக்குள் எஸ்டேட் துரையிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது டெய்லர் கண்டுபிடித்ததா?

இல்லை. 1776இலேயே ஆடம் ஸ்மித் குண்டூசி செய்யும் தொழிலை வைத்து எழுதிவிட்டார். சுமார் 18 வேலைகளாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்வார்கள், தனியாக உட்கார்ந்தால் ஓர் ஆள் இருபதுகூடச் செய்ய முடியாது என்றார். கொலுசுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வெள்ளி உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், வளையம் கோப்பது ஒரு வீடு, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது இன்னொரு வீடு, சலங்கை மாட்டுவது, மெருகு போடுவது எல்லாம் தனித்தனி. ஒரு ஜோடிக் கொலுசு காலில் ஏறும் முன் அரை டஜன் வாசற்படி ஏறி இறங்கிவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் ஏன் கொண்டுவரவில்லை? கம்பெனி ஆக்கினால் லாபம்தானே?

எங்கள் கூட்டத்திலேயே நல்ல கேள்வி இதுதான். ரொனால்ட் கோஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1937இல் இதையே தலைகீழாகக் கேட்டார். சந்தையில் எல்லாம் விலைக்குக் கிடைக்கும் என்றால் கம்பெனி என்று ஒன்று எதற்கு? எழுதும்போது முப்பது வயதுகூட ஆகாத ஆள். நோபல் பரிசு 1991இல்தான் வந்தது.

சந்தையைப் பயன்படுத்தவும் செலவு உண்டு என்பது அவர் சொன்ன பதில். யாரிடம் கிடைக்கும் என்று தேட வேண்டும், விலை பேச வேண்டும், சொன்னபடி செய்தார்களா என்று பார்க்க வேண்டும். அந்தச் செலவு அதிகமாகும்போது ஆளைச் சம்பளத்துக்கு உள்ளே வைத்துக்கொள்கிறோம். உள்ளே வைத்துக் கட்டி மேய்க்கும் செலவு அதைவிடக் கூடும்போது வேலையை வெளியே விடுகிறோம். கம்பெனியின் எல்லை இந்த இரண்டு செலவும் சமமாகும் இடத்தில் விழுகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் இதைத் தராசில் பார்க்கலாம். வெள்ளி கைமாறும் ஒவ்வொரு வாசலிலும் எடை போட வேண்டும், டச் (வெள்ளியின் தரம்) பார்க்க வேண்டும், சேதாரம் கழிக்க வேண்டும். வேறு ஊரில் இது பெரிய செலவாக இருக்கும். இங்கே இரண்டு தலைமுறையாகத் தெரிந்த வீடுகள். ஒரு தெருவில் ஒருவர் சேதாரத்தில் கை வைத்தால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கையால் சந்தைச் செலவு குறைந்துவிட்டது, அதனால் பெரிய கூரை தேவைப்படவில்லை.

அப்பா ஒருமுறை மெருகு வேலையை உள்ளே கொண்டுவந்து பார்த்தார். மூன்று பேருக்கு மாதச் சம்பளம். ஆனி வரை நன்றாகப் போனது. ஆடி பிறந்ததும் கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, சம்பளம் மட்டும் இருந்தது. ஆவணியில் அவர்களே தனியாகக் கடை போட்டுக்கொள்ள அப்பா முன்பணம் கொடுத்து அனுப்பினார். அவர் கோஸைப் படித்தவர் இல்லை.

இதே மாவட்டத்தின் ஜவ்வரிசித் தொழில் வேறு வழி பிடித்தது. விற்கும் இடத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை என்றிருந்த சேகோ ஆலைக்காரர்கள், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்தார்கள். ஆலை தனித்தனி முதலாளியிடமே இருக்கிறது. இருப்பு வைப்பதும் டெண்டர் விட்டு விற்பதும் மட்டும் பொது.

ஃபயோலின் பதினான்கு கொள்கைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பரீட்சை இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். ஃபயோல் 1888இல் திவாலாகும் நிலையில் இருந்த சுரங்கக் கம்பெனியை ஏற்று நிமிர்த்தியவர். 1916இல் எழுதினார். பதினான்கு என்ற எண்ணுக்கு மகிமை எதுவும் இல்லை, கொள்கைகள் வளைந்து கொடுக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம்தான் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டோம்.

அவரிடம் எனக்குப் பிடித்தது அந்தச் சின்னப் பலகைப் பாலம். ஒரு துறையின் கடைசிப் படியில் இருப்பவர் இன்னொரு துறையின் கடைசிப் படியோடு பேச வேண்டுமானால், உச்சி வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டாம். இரண்டு பக்க மேலதிகாரிகளும் சம்மதித்தால் நேராகப் பலகை போட்டுக்கொள்ளலாம், முடிவானதை மேலே சொல்லிவிட்டால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஏற்காடு போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறவனும் கீழே அஸ்தம்பட்டிக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? நிறைய அலுவலகங்கள் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கின்றன.

ஒரு கொள்கை இன்னொன்றை வெட்டுகிறதே, எதை நம்புவது?

1946இல் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். நிர்வாகக் கொள்கைகள் பழமொழி மாதிரி, ஒவ்வொன்றுக்கும் எதிர்ப் பழமொழி இருக்கிறது என்றார். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'பதறாத காரியம் சிதறாது' என்போம், அடுத்த மூச்சில் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்போம். வேலை முடிந்த பிறகு எது பொருந்துகிறதோ அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

சைமன் காட்டிய முரணில் ஒன்று இது. ஒருவருக்குக் கீழே ஆட்கள் கொஞ்சமாக இருந்தால் நல்லது என்பது ஒரு கொள்கை. மேலிருந்து கீழ் வரை படிகள் குறைவாக இருந்தால் நல்லது என்பது இன்னொன்று. அறுபது பேர் வேலை செய்யும் தறிப் பட்டறையில் ஆறு பேருக்கு ஒரு மேஸ்திரி வைத்தால் பத்து மேஸ்திரி. அந்தப் பத்துப் பேரையும் மேய்க்க இன்னும் இரண்டு பேர். படி கூடிவிட்டது. படியைக் குறைத்தால் ஒரே மேஸ்திரி அறுபது தறியைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எந்தச் சூழ்நிலையில் எது எவ்வளவு வேண்டும் என்று ஆராய வேண்டும் என்றார் அவர். பின்னால் 1978இல் நோபல் வாங்கினார்.

வெபர் அதிகார வர்க்கத்தைப் புகழ்ந்தாரா, திட்டினாரா?

வெபர் ஜெர்மன் சமூகவியலாளர். இந்தக் கேள்விக்கு வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற பெரியவரே பதில் சொன்னார், புத்தகம் இல்லாமல்.

1792இல் திப்புவோடு நடந்த போருக்குப் பிறகு பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் தொடக்கத்தை இந்தப் பகுதியில்தான் செய்து பார்த்தார்கள். அப்போதும் கிராமத்துக் கணக்கு கர்ணத்திடம்தான். அப்பா கர்ணம் என்றால் மகன் கர்ணம். கணக்குப் புத்தகம் அவர் வீட்டுத் திண்ணையில். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

"அன்னைக்கு வரைக்கும் பட்டா பார்க்கணும்னா கர்ணம் வீட்டுக்குப் போகணும், அவர் சாப்பிட்டு எந்திரிக்கற வரைக்கும் நிக்கணும். அப்புறம் ஆபீஸ்ல நின்னோம். நிக்கறது நிக்கறதுதான், ஆனா திட்டறதுக்கு ஒரு உரிமை வந்துச்சு" என்றார்.

1920இல் இறந்த வெபர் சொன்ன மரபு அதிகாரம், சட்டவழி அதிகாரம் இரண்டும் இதற்குள் இருக்கின்றன. பதவி ஆளுக்குச் சொந்தம் இல்லை, தகுதி பார்த்து நியமனம், எழுத்தில் கோப்பு, வீடு வேறு அலுவலகம் வேறு, விருப்பு வெறுப்பு பார்க்காத விதி. இதைவிடத் துல்லியமாக வேலை நடத்தும் முறை இல்லை என்று வெபர் நினைத்தார். அதே முறைக்குள் மனிதன் மாட்டிக்கொள்வான் என்று பயந்தார். அவருடைய 'இரும்புக் கூண்டு' என்ற சொல் 1930இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பால் பரவியது. ஜெர்மனில் அவர் எழுதியது 'எஃகைப் போலக் கெட்டியான கூடு' என்பதற்குத்தான் பக்கம். உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், எஃகு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

வெபரின் மூன்றாவது வகை ஒரு தனி மனிதரின் கவர்ச்சியில் நிற்கும் அதிகாரம். அதற்கு ஏற்காடு சாலைக்குப் போனால் போதும். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூறு படத்துக்கு மேல் எடுத்த ஸ்டூடியோ, நேரக் கண்டிப்புக்குப் பேர் போனது. 1963இல் அவர் மறைந்தார், மகன் தொடர்ந்தார். இன்றைக்கு நிற்பது அந்த நுழைவு வளைவு. தனி மனிதரின் கவர்ச்சியை விதியாக மாற்றி அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதுதான் கஷ்டமான வேலை என்று வெபர் சொல்லியிருந்தார்.

ஹாதார்ன் ஆய்வு: 'கவனித்தாலே ஆள் நன்றாக வேலை செய்வான்' என்பது உண்மையா?

அந்த ஒற்றை வரியை நம்பாதீர்கள். சிகாகோ பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த பல ஆய்வுகள் அவை. விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது என்ற கதை பிரபலம். காணாமல் போனதாக நினைத்த அந்தப் பழைய எண்களை 2011இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் மறுபடி அலசிப் பார்த்தார்கள். கதை சொல்லும் அளவுக்குப் பெரிய விளைவு அதில் இல்லை. தொலைபேசிக்கான ரிலே என்ற பாகத்தைப் பூட்டும் அறையில் ஐந்து பெண்களை வைத்து நடந்த சோதனையிலும், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பேரை நடுவில் மாற்றினார்கள். அதை வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி அறை. பதினான்கு ஆண்கள், கம்பி இணைக்கும் வேலை, கூலி குழுவின் உற்பத்தியைப் பொறுத்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஒரு கோடு வைத்திருந்தார்கள். தாண்டுகிறவனுக்குப் பட்டப்பெயரும் தோளில் ஒரு குத்தும் விழும். ரொம்பக் குறைவாகச் செய்தாலும் அதே கதைதான். சேலத்தில் குகை என்ற பகுதியில் தறி ஓட்டும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அதிகமா நெய்ஞ்சா அடுத்த மாசம் அதையே கணக்கா வெச்சு ரேட்டக் கொறைப்பாங்க, தெரியாதா?" என்றார். அந்தப் பதினான்கு பேரும் அதைத்தான் பயந்தார்கள். சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாத கணக்கு அது.

மாஸ்லோவின் முக்கோணம்?

மனிதனின் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் படத்தைத்தான் கேட்கிறார்கள். மாஸ்லோவின் 1943 கட்டுரையில் முக்கோணமே இல்லை. பிற்பாடு வேறு யாரோ வரைந்தது. அடுத்த கேள்வி.

மேரி பார்க்கர் ஃபாலட் பெயர் ஏன் எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது?

தொழிற்சாலை நடத்தியவர் இல்லை, போஸ்டனில் சமூக மையங்களில் வேலை செய்தவர், பெண் வேறு. 1933இல் இறந்த பிறகு கிட்டத்தட்ட மறந்தே போனார்கள்.

சண்டையை மூன்று விதமாக முடிக்கலாம் என்றார். ஒருவர் ஜெயிப்பது, இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, இருவருக்கும் வேண்டியது கிடைக்கும்படி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. 1925இல் அவர் சொன்ன உதாரணம் பால் கூட்டுறவு சங்கம் ஒன்றைப் பற்றியது. மேட்டிலிருந்து இறங்கி வரும் வண்டிக்காரர்கள் முதலில் நாங்கள் பால் இறக்க வேண்டும் என்றார்கள், ஏறி வருகிறவர்கள் நாங்கள்தான் என்றார்கள். சங்கமே உடையும் நிலை. யார் முதல் என்பதை விட்டுவிட்டு, மேடையை இடம் மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்கும்படி செய்தார்கள்.

எங்கள் மேஸ்திரிக்கு இதில் ஆட்சேபம். "மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். அங்க ரோட்ட அகலம் பண்ணலாம்னு சொன்னா பின்னால நிக்கறவன் அடிப்பான்." நியாயம்தான். ஃபாலட்டும் எல்லாச் சண்டைக்கும் இது நடக்கும் என்று சொல்லவில்லை.

இந்தியாவில் நடந்த ஆய்வு எதுவும் இல்லையா?

இருக்கிறது. 1953இல் அகமதாபாத் காலிகோ மில்லில் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கிலேயர் தானியங்கித் தறிக் கூடத்தைப் பார்த்தார். புதுத் தறி வந்தும் உற்பத்தி கூடவில்லை. இழை அறுந்தால் கட்டுவது ஒருவர், எண்ணெய் விடுவது ஒருவர் என்று வேலை சிதறிக் கிடந்தது. யார் யாருக்குக் கீழே என்பதே குழப்பம். சில தறிகளைச் சேர்த்து ஒரு குழுவிடம் முழுப் பொறுப்பாக விடலாம் என்று அவர் சொன்னவுடன், தொழிலாளர்களே உட்கார்ந்து குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, பழுதான துணி குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது சில இடங்களில் குழு முறை தேய்ந்து பழையபடி ஆகியிருந்தது. அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் மொத்தப் பேச்சையும் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாமே குறளில் இருக்கிறதே?

'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.' ஆளைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைப்பதற்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அரசனுக்குச் சொன்னது. ஒப்படைத்த பிறகு ஐந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த ஐந்நூறு பேரும் தங்களுக்குள் என்ன செய்கிறார்கள் என்பது ஆலை வந்த பிறகு எழுந்த கேள்வி. வள்ளுவரை அதற்கும் இழுத்தால் அவரையும் சரியாகப் படிக்க மாட்டோம், நிர்வாகவியல் ஆட்களையும் சரியாகப் படிக்க மாட்டோம்.

முதலாளி சொன்னால் ஆள் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

பார்னார்ட் 1938இல் இல்லை என்றார். உத்தரவுக்கு அதிகாரம் கொடுப்பது அதைக் கேட்டு நடப்பவன்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குள் வரும் உத்தரவை ஏன் எதற்கு என்று யோசிக்காமல் செய்வான். எல்லைக்கு வெளியே போனால் எதிர்த்துப் பேசக்கூட மாட்டான், செய்ய மாட்டான், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் ராத்திரி இரண்டு மணி வரை இருங்கள் என்று அப்பா சொன்னால் பட்டறையில் ஒருவரும் முனகியதில்லை. ஒரு வருடம் வெள்ளி எடை குறைந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு, போகும்போது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திறந்து காட்டினார்கள். திங்கட்கிழமை மூன்று பேர் வரவில்லை. புதன்கிழமை அப்பா மேசையை உள்ளே எடுத்துப் போட்டார். கணக்குப் புத்தகத்தை அதன்மேல் வைத்து எழுதச் சொன்னார்.

எந்த வரிசையில் படிக்கலாம்?

ஃபாலட்டின் 1925 உரையில் தொடங்குங்கள், பேச்சு மாதிரி இருக்கும். அடுத்து சைமனின் 1946 கட்டுரை, அதற்குப் பிறகு டெய்லரின் சின்னப் புத்தகம். வெபரில் அதிகார வர்க்கம் பற்றிய பகுதி மட்டும் போதும். கோஸ் கட்டுரையை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். பார்னார்டின் நடை கரடுமுரடு, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபயோல் எப்போது வேண்டுமானாலும்.